மூன்றாவது மில்லிமீட்டர்

காலை பத்து தொடக்கம் மாலை நாலு வரை
கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை என்று
கீழ்வாசலில் ஒட்டியிருந்தார்கள்.
பாரிஸ், பதினேழாம் வட்டாரம். ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஐந்தாம் மாடி மெசியூவின் குசினி முகட்டில்
வெறுந்தேத்தண்ணி ஊற்றின மாதிரி ஒரு கறை.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
பழைய சிலிக்கனைக் கத்தியால் கீறி இழுத்தேன்.
வெள்ளைக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே பூஞ்சணம்,
அதற்கும் கீழே யாரோ
பற்பசை வைத்து அடைத்திருந்தார்கள்.
புதினா மணம் இன்னும் இருந்தது, சத்தியமாய்.

வெறும் தொட்டியை ஒட்டக்கூடாது.
வெறுமையாய் இருக்கையில் சுவரோடு சிரித்துக்கொண்டு நிற்கும்.
தண்ணீர் நிறைந்து ஆளும் இறங்கினால்
மெல்லத் தாழும், அப்போதுதான் வாய் திறக்கும்.
அந்தத் திறந்த வாயைத்தான் ஒட்டவேண்டும்.
காயும்வரை பாரத்தை எடுக்கக்கூடாது.

நிரப்பத் தண்ணீர் இல்லை.
இருபத்தைந்து கிலோ பசைமூட்டை ஐந்து
ஒவ்வொன்றாய்த் தோளில் ஏற்றிக்கொண்டுவந்து
தொட்டிக்குள் படுக்கவைத்தேன்.
டைலில் பென்சிலால் கீறிய கோட்டிலிருந்து
இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது.
நானும் ஏறினேன். மூன்று.

முழங்காலில் நின்று
மூலைக்கு மூலை ஒரே மூச்சில் இழுத்தேன்.
குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணியில்
சவர்க்காரம் கரைத்து விரலைத் தோய்த்து
வழித்துக்கொண்டே போனேன். நாடாவை உரித்தேன்.
நேர்கோடு. எனக்கே பிடித்திருந்தது.
பிறகுதான் விளங்கியது,
மூன்றாவது மில்லிமீட்டர் நான்.
இறங்கினால் தொட்டி எழும்பும்.

இருந்தேன்.
சப்பாத்தோடு, மூட்டைகளுக்கு நடுவில்,
பாணுக்குள் வைத்துச் சுற்றின சம்பலைத் தின்றுகொண்டு.
யன்னலில் தகரக் கூரைகள். ஒரு புறா.
நிரஞ்சலா எடுத்தாள்.
“எங்க நிக்கிறியள்?”
“குளிக்கிற தொட்டிக்குள்ள இருக்கிறன்.”
“வேலைக்குப் போகேல்லையோ?”
“இதுதான் வேலை.”
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

இரண்டு மணிக்கு மதாம் ஷெவ்ரியே வந்தா.
திறப்புச் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு கதவடியில் அவ.
எழும்பு என்றது முதுகு.
எழும்பவில்லை.
என்னுடைய பிரெஞ்சில் பாரம் இருந்தது, நாளை இருந்தது,
மிச்சத்தைக் கையால் காட்டினேன்.
அவ சப்பாத்தைப் பார்த்தா, மூட்டையைப் பார்த்தா.
“உங்கள் எடை என்ன?”
ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல, பதிலுக்காகவே கேட்டா.
எழுபத்தொன்று என்றேன்.

போனவ புத்தகங்களோடு திரும்பினா.
செத்துப்போன புருசன் நொத்தாரிசாம்.
தோலட்டை போட்ட சட்டத் தொகுதிகள்.
குளியலறைத் தராசில் நாலு நாலாய் நிறுத்து நீட்டினா,
நான் வாங்கி மடியில் வைத்தேன், பிறகு முதுகுப் பக்கம்,
பிறகு காலடியில்.
தொட்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.
சிலிக்கன் அவ்வளவுக்கு மன்னிக்கும்.
எழுபத்தொன்றில் “போதும்” என்றா.
கோட்டைப் பார்த்தபடி ஒரு காலை வெளியே வைத்தேன்,
மற்றதையும்.
மூன்று. சரியாய் மூன்று.

ஆறு வருசமாய் என் கோப்பு
சட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.
ஒரு இரவுக்கு
சட்டம் எனக்குப் பதிலாய் இருந்து பார்க்கட்டும்.

பதின்மூன்றாம் இலக்க மெத்ரோவில்
போனைத் திறக்க விரலை வைத்தேன்.
தெரியாத ஆள் என்றது. துடைத்து வைத்தேன்.
அப்பவும் தெரியாது.
பொபினி அலுவலகத்தில் மை பூசாமல்
கண்ணாடியில் அழுத்திப் பதிந்த அதே விரல்.
நுனியில் மெல்லிய சிலிக்கன் தோல் காய்ந்திருந்தது.
பல்லால் உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன்,
என் ரேகை முழுக்க அதில் இருந்தது.
எதிரில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலை எட்டுக்குப் போய்
சட்டத்தைத் தொட்டியிலிருந்து இறக்கவேண்டும்.
பால் வாங்க மறந்துபோனேன்.